லாரா, ஜெட்டா 2.0 டிடிஐ: இன்டேக் மேனிஃபோல்டை மாற்றுவதா, பிராக்கெட் போடுவதா, ஃப்ளாப்பையே எடுத்துவிடுவதா?

செக் எஞ்சின் லைட் எரிகிறது, ஸ்கேனரில் பி2015 என்று கோளாறு கோட் வருகிறது, ஒர்க்‌ஷாப்பில் "இன்டேக் மேனிஃபோல்டு மொத்தமா மாத்தணும் சார்" என்று சொல்லிவிட்டார்கள், விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுப்புதான் இந்த மேனிஃபோல்டு. இணையத்தில் தேடினால் ஒருவர் பிராக்கெட் என்ற சின்ன அலுமினியத் துண்டு ஒன்று போதும் என்கிறார், இன்னொருவர் மேனிஃபோல்டுக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் ஃப்ளாப்பையெல்லாம் கழற்றி எறியச் சொல்கிறார், மூன்றாமவர் பாதிக்கும் குறைந்த விலையில் வேறு கம்பெனி பார்ட் கிடைக்கிறது என்கிறார். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் குழப்பமே வருகிறது. இந்த இடத்தில் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எந்த எஞ்சின் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் இஏ189 குடும்பத்து 2.0 லிட்டர் காமன் ரெயில் டீசல். 2015இல் அமெரிக்காவில் புகை அளவு மோசடியில் மாட்டியதே, அதே குடும்பம்தான். நம் ஊரில் 2010 வாக்கிலிருந்து ஸ்கோடா லாரா, சூப்பர்ப், ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா, பஸாட் என்று பல கார்களில் இது வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபோது ஸ்கோடாவும் ஃபோக்ஸ்வேகனும் இந்தியாவில் டீசலையே நிறுத்திவிட்டன, அதனால் இன்று ஓடுகிற இந்தக் கார்கள் எல்லாமே நன்றாக வயதானவை, பெரும்பாலும் செகண்ட் ஹேண்டாக வாங்கியவை. நல்ல கார்கள், இன்னும் பல வருடம் ஓடக்கூடியவை. அதனால்தான் இந்த ஒரு பாகத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம் என்று நினைக்கிறேன்.

என் கட்சி இது: டர்போ டீசலில் மேனிஃபோல்டை விலை பார்த்தோ பவர் பார்த்தோ தேர்ந்தெடுக்கக் கூடாது. அது எப்படிக் கெடுகிறது, கெட்டால் என்ன நடக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபோக்ஸ்வேகனுக்கு ஒரு பதில், அதே கேள்விக்குப் பழைய பிஎம்டபிள்யூவில் நேர் எதிர்ப் பதில். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பவர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பெட்ரோல் கார் ட்யூனிங் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, குழாய் நீளம் மாற்றினால், உள்ளே பாலிஷ் போட்டால் வண்டி பறக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். டர்போ இல்லாத, 7000 ஆர்பிஎம் சுற்றுகிற பெட்ரோல் எஞ்சினில் அதற்கு அர்த்தம் இருக்கிறது. அங்கே குழாயின் நீளமும் விட்டமும் காற்றலையின் நேரத்தைத் தீர்மானிக்கும், சிலிண்டர் நிரம்புவதே அதை நம்பித்தான். நம் எஞ்சின் 4500 ஆர்பிஎம் பக்கம் போனாலே அதிகம், டர்போ சுமார் ஒன்றரை பார் அழுத்தத்தில் காற்றை உள்ளே தள்ளுகிறது. அந்தத் தள்ளலுக்கு முன்னால் குழாயின் நீளம் செய்கிற வேலை ரொம்பச் சின்னது. காசு செலவழித்துப் பவர் வேண்டுமென்றால் இன்டர்கூலர், டர்போ, இன்ஜெக்டர், ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் ப்ரோகிராமை மாற்றுவது) என்று போங்கள். மேனிஃபோல்டு அந்தப் பட்டியலில் கடைசி.

அப்படியானால் மேனிஃபோல்டு என்னதான் செய்கிறது? நான்கு சிலிண்டருக்கும் காற்றைச் சமமாகப் பிரிக்கிறது, இஜிஆர் (எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பும் அமைப்பு) வழியாகத் திரும்பி வரும் புகையை அந்தக் காற்றோடு கலந்து கொடுக்கிறது, பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், கசியாமல் பிடித்து வைக்கிறது. இந்த எஞ்சினில் நான்காவதாக ஒரு வேலையும் உண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு காற்று வழிகள், அதில் ஒன்றின் வாயில் ஒரு ஃப்ளாப். ஐடிலிலும் குறைந்த ஆர்பிஎம்மிலும் ஃப்ளாப் மூடியிருக்கும், காற்று முழுவதும் மற்ற வழியாகப் பாய்ந்து சிலிண்டருக்குள் சுழலும். டம்ளரில் கரண்டி விட்டுக் கலக்குவது போலத்தான், அந்தச் சுழலில்தான் தெளிக்கப்படும் டீசல் காற்றோடு ஒழுங்காகக் கலக்கிறது. வேகம் ஏற ஏற ஃப்ளாப் திறந்துகொண்டே போய் 3000 ஆர்பிஎம் பக்கத்தில் முழுதாகத் திறந்துவிடும், அப்போது சுழலைவிடக் காற்றின் அளவுதான் வேண்டும். நான்கு ஃப்ளாப்பும் ஒரே சாஃப்டில் கோர்த்திருக்கும், மேனிஃபோல்டின் ஓரத்தில் உள்ள ஒரு சின்ன மோட்டார் லீவர் மூலம் சாஃப்டைத் திருப்பும், அதே மோட்டாருக்குள் ஒரு சென்சார் ஃப்ளாப் எந்த நிலையில் இருக்கிறது என்று இசியுவுக்கு, அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டருக்கு, சொல்லிக்கொண்டே இருக்கும்.

பி2015 அந்த சென்சார் சம்பந்தப்பட்ட கோட். "நான் எதிர்பார்த்த எல்லைக்குள் இந்த அளவு இல்லை" என்று இசியு சொல்கிறது, அவ்வளவுதான். சென்சார் கெட்டுவிட்டது என்றோ மேனிஃபோல்டு செத்துவிட்டது என்றோ அதற்கு அர்த்தம் இல்லை. பெரும்பாலான வண்டிகளில் நடப்பது இதுதான்: லீவர் ஒவ்வொரு முறையும் போய் முட்டி நிற்கிற இடம் தேய்கிறது, லீவரும் தேய்கிறது, அதனால் லீவர் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் அதிகமாகப் போகிறது. சென்சார் அந்த அதிகப்படியான தூரத்தை உண்மையாகவே படித்துச் சொல்கிறது, இசியு அதைத் தவறு என்று எடுத்துக்கொள்கிறது. ஃப்ளாப், சாஃப்ட், மோட்டார் மூன்றும் நன்றாகவே இருக்கும். இந்த நிலையில் முழு மேனிஃபோல்டையும் தூக்கிப் போடுவது எனக்கு மனசே வராத காரியம்.

இதற்காகத்தான் அந்த அலுமினிய பிராக்கெட். மோட்டார் இருக்கும் இடத்தில் போல்ட் போட்டு மாட்டும் சின்னத் துண்டு, தேய்ந்துபோன முட்டுக்குப் பதிலாகப் புது முட்டாக நின்று லீவரைப் பழைய எல்லைக்குள் நிறுத்தும். மேனிஃபோல்டைக் கழற்றாமலே மாட்டிவிடலாம், கை நுழைகிற இடம் கொஞ்சம் சிரமம் என்பதைத் தவிர வேலை பெரிதில்லை. விலையோ ஒரிஜினல் மேனிஃபோல்டின் பக்கத்திலேயே வராது. "இது கோட்டை மறைக்கிற வேலை, ரிப்பேர் இல்லை" என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. தேய்ந்தது முட்டு, நாம் மாற்றுவதும் முட்டு. சென்சாருக்குப் பொய் சொல்லவில்லை, லீவர் உண்மையிலேயே சரியான இடத்தில் நிற்கிறது.

ஆனால் இது எல்லா வண்டிக்கும் பொருந்தாது, பொருந்துகிறதா என்று பார்க்காமல் மாட்டினால்தான் அது மறைக்கிற வேலை ஆகும். எஞ்சினை அணைத்துவிட்டு லீவரின் இணைப்பைக் கழற்றி, சாஃப்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். இரண்டு எல்லைக்கும் நடுவே தடையில்லாமல், ஒரே சீராகத் திரும்ப வேண்டும். நடுவில் எங்காவது இழுத்துப் பிடித்தால் உள்ளே கரி கட்டியிருக்கிறது, பிராக்கெட் அதற்கு மருந்தல்ல. அடுத்து சாஃப்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் அதைத் தாங்கும் வளையமான புஷ் போய்விட்டது. சாஃப்ட் வெளியே வரும் இடத்தில் எண்ணெயும் கரியும் கலந்து ஈரமாக வடிந்திருந்தால் அதே கதைதான், அங்கே பூஸ்ட்டும் சேர்ந்து கசிகிறது. அந்த மேனிஃபோல்டை மாற்றத்தான் வேண்டும். ஏனென்றால் கசிவின் விளைவு ஒரு கோட்டோடு நிற்காது: ஏர் ஃப்ளோ சென்சார் அளந்த காற்றில் ஒரு பகுதி சிலிண்டருக்குப் போகாமல் வெளியே போகிறது, இசியு முழுக் காற்றுக்கும் கணக்குப் போட்டு டீசல் தெளிக்கிறது, மிதித்தால் கரும்புகை வருகிறது, டர்போ இழந்த அழுத்தத்தை ஈடுகட்ட இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. மேனிஃபோல்டு கசிவை அலட்சியமாக விட்டு, கடைசியில் டர்போவுக்குச் செலவழித்தவர்கள் உண்டு.

பிராக்கெட்டிலும் தரம் பார்த்து வாங்க வேண்டும். சிலது கொஞ்சம் தடிமன் கூடுதலாக வந்து, லீவரைச் சீக்கிரமே நிறுத்தி, ஃப்ளாப்பை முழுதாகத் திறக்கவோ மூடவோ விடாது. மாட்டிய பிறகு ஸ்கேனரில் இரண்டு எல்லையிலும் என்ன அளவு வருகிறது என்று பார்த்து, பேசிக் செட்டிங் ஓடவிட்டு, இசியு புது எல்லையைக் கற்றுக்கொள்ளும்படி செய்ய வேண்டும். விசிடிஎஸ் (ஃபோக்ஸ்வேகன் குழும கார்களுக்கான ஸ்கேனர் சாஃப்ட்வேர்) வைத்திருக்கும் எந்த மெக்கானிக்கும் இதைச் செய்துவிடுவார். கோட்டை மட்டும் அழித்துவிட்டு அனுப்புகிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

சரி, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எதை வாங்குவது?

ஒரிஜினல் என்றால் கண்ணாடி இழை கலந்த நைலான் பிளாஸ்டிக், மோட்டாரோடு சேர்ந்தே வரும், பாக நம்பர் 03எல் 129 711 என்று தொடங்கிப் பின்னால் எழுத்துகள் வரும். அந்தக் கடைசி எழுத்துகள் முக்கியம். எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், காலப்போக்கில் பழைய எழுத்துக்குப் பதில் புது எழுத்தில் திருத்திய பாகமும் வந்திருக்கிறது. உங்கள் சேசிஸ் நம்பரைக் கொடுத்து எது பொருந்தும் என்று கேட்டுத்தான் ஆர்டர் போட வேண்டும். "பிளாஸ்டிக்தானே, அலுமினியம் இருந்தால் உறுதியாக இருக்கும்" என்று பலர் கேட்கிறார்கள். பூஸ்ட்டையும் எஞ்சின் சூட்டையும் இந்தப் பிளாஸ்டிக் நன்றாகத் தாங்கும், உள்சுவர் வழவழப்பாக இருக்கும், எஞ்சின் சூட்டைக் காற்றுக்கு அதிகம் கடத்தாது. கெடுவது குழாய் அல்ல, அசையும் பாகங்கள்தான். அதனால் பிளாஸ்டிக்கா உலோகமா என்பதை வைத்து முடிவெடுப்பது தேவையில்லாத வேலை.

வெளிக் கம்பெனி நகல்களில்தான் நிஜமான கஷ்டம். வெளியே பார்த்தால் அச்சு அசலாக ஒரிஜினல் மாதிரி இருக்கும். வித்தியாசம் மூன்று இடத்தில்: சாஃப்ட் புஷ்ஷின் பொருத்தம், ஃப்ளாப்பின் ஓரத்துக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி, மோட்டாருக்குள் இருக்கும் சென்சார். முதல் இரண்டையும் கடையில் வைத்தே பார்க்கலாம். சாஃப்டைத் திருப்பும்போது நான்கு ஃப்ளாப்பும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் நிற்க வேண்டும், ஒன்று பிந்தினாலும் வாங்காதீர்கள். மூன்றாவதைக் காரில் மாட்டினால்தான் தெரியும், புது நகலை மாட்டிய கொஞ்ச நாளில் அதே பி2015 திரும்பி வந்தால் கூலியும் போச்சு பார்ட்டும் போச்சு. மேனிஃபோல்டு மாற்றுவது பாதி நாளுக்குக் குறையாத வேலை, அதை இரண்டு முறை செய்ய நேர்ந்தால் மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும். பெயர் தெரிந்த ஐரோப்பிய பார்ட்ஸ் கம்பெனியின் பெட்டி, எழுதிக் கொடுத்த வாரண்டி, இரண்டும் இருந்தால் யோசிக்கலாம். இரண்டும் இல்லாத வெள்ளைப் பெட்டி என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான்.

அதைவிட நல்ல செகண்ட் ஹேண்ட் ஒரிஜினல் எனக்குப் பிடித்தது. சென்னை புதுப்பேட்டையிலும் டெல்லி மாயாபுரியிலும் விபத்தில் முடிந்த கார்களின் பாகங்கள் வருகின்றன. முன்பக்கம் அடிபட்ட காரின் மேனிஃபோல்டு வேண்டாம், பின்னால் அடிபட்டதாக இருந்தால் பார்க்கலாம். பிளாஸ்டிக் உடம்பில் கடிகாரம் மாதிரி ஒரு சின்ன வட்டமும் நடுவில் அம்புக்குறியும் இருக்கும், வார்த்த மாதமும் வருடமும் அதில் தெரியும். புதியதாக எது இருக்கிறதோ அதை எடுங்கள். மேலே சொன்ன எல்லாச் சோதனையையும் அங்கேயே செய்யுங்கள். வாங்கியதும் அதன் முட்டு தேயும்வரை காத்திருக்காமல் மாட்டும்போதே பிராக்கெட்டையும் சேர்த்து மாட்டிவிடலாம், எஞ்சினிலிருந்து வெளியே இருக்கும்போது அது சில நிமிட வேலை. பட்ஜெட் குறைவாக இருக்கிறவருக்கு நான் சொல்லும் வழி இதுதான். பட்ஜெட் இடம் கொடுத்தால், இன்னும் நாலைந்து வருடம் இந்தக் காரை வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், புது ஒரிஜினல்.

இப்போது ஃப்ளாப்பை எடுத்துவிடும் வழி. ஃப்ளாப் இல்லாத அலுமினிய மேனிஃபோல்டு வெளிநாட்டில் விற்கிறார்கள், இங்கேயே லேத்தில் கொடுத்து வெல்டிங் வைத்துச் செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். இருக்கிற மேனிஃபோல்டிலேயே ஃப்ளாப்பை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு இசியுவில் கோட்டை அணைத்துவிடுகிற ட்யூனர்களும் உண்டு. ஃப்ளாப் எப்போதும் திறந்தே இருந்தால் கார் ஓடாமல் போகாது, அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2000 ஆர்பிஎம்முக்கு மேல் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். அதற்குக் கீழே தெரியும்: சிக்னலில் கிளம்பும்போது ஒரு கரும்புகை, குளிர்ந்த எஞ்சினில் கொஞ்சம் கரடுமுரடான ஐடில், கீழ் ஆர்பிஎம் பிக்கப்பில் சின்னதாக ஒரு சோம்பல். சென்னை வெயிலில் குளிர் ஸ்டார்ட் என்பதே அபூர்வம், ஊட்டியிலோ கொடைக்கானலிலோ டிசம்பர் காலையில் ஸ்டார்ட் செய்கிறவருக்கு அது வேறு. காரில் டிபிஎஃப் (எக்ஸாஸ்டில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருந்தால் அந்தக் கரி முழுவதும் அதில்தான் போய் அடையும், அதை எரித்துச் சுத்தம் செய்யும் ரீஜெனரேஷன் அடிக்கடி வரும், மைலேஜ் குறையும். டிபிஎஃப் இல்லாத கார் என்றால் கரி நேராக வெளியே, பின்னால் பைக்கில் வருகிறவரின் முகத்துக்கு. அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதோடு, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கப் போகிற காரில் புகை விஷயத்தில் கை வைப்பது புத்திசாலித்தனம் இல்லை.

வெல்டிங் வைத்துச் செய்யும் மேனிஃபோல்டு பற்றித் தனியாக ஒரு வார்த்தை. நன்றாகச் செய்கிற கைகள் கோயம்புத்தூரில் இருக்கின்றன, அங்கே ரேஸ் காருக்காகச் செய்த அருமையான வேலைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ரோட்டில் ஓடும் டீசலுக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை, காரணம் இஜிஆர். புகை வந்து சேரும் இடமும் காற்று பிரியும் இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், முதல் சிலிண்டருக்கு அதிகப் புகையும் கடைசி சிலிண்டருக்குக் குறைந்த புகையும் போகும். ஒன்று கரியைக் கக்கும், இன்னொன்று சூடாகும், இசியுவுக்கோ நான்கின் சராசரி மட்டும்தான் தெரியும். கம்பெனி மேனிஃபோல்டில் அந்த இடங்களைக் கணக்குப் போட்டு, சோதித்து வைத்திருக்கிறார்கள். அப்புறம் வெல்டிங்கின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன உலோக மணிகள், ஒன்று உதிர்ந்தாலும் நேராக வால்வுக்குத்தான் போகும். இஜிஆர் இல்லாத, ரேஸ் ட்ராக்கில் மட்டும் ஓடுகிற கார் என்றால் இந்தப் பேச்செல்லாம் தேவையில்லை, தாராளமாகச் செய்யலாம்.

பிஎம்டபிள்யூவுக்கு வருகிறேன். 2000களில் ஐரோப்பாவில் லட்சக்கணக்கில் ஓடிய எம்47 என்ற 2 லிட்டர், எம்57 என்ற 3 லிட்டர் டீசல்களில் இதே மாதிரி ஃப்ளாப்கள் உண்டு. அங்கே ஃப்ளாப் உலோகத் தகடு, மெல்லிய சாஃப்டில் இரண்டு குட்டி ஸ்க்ரூவால் பிடித்திருக்கும். வருடக்கணக்கான அதிர்வில் சாஃப்ட் முறிந்தால் அந்தத் தகடும் ஸ்க்ரூவும் எங்கே போகும்? கீழே வால்வு, அதற்குக் கீழே பிஸ்டன். பிஸ்டன், வால்வு, ஹெட், சில சமயம் துண்டுகள் எக்ஸாஸ்ட் வழியாகப் போய் டர்போவும் சேர்த்து, மொத்த எஞ்சினும் ஒரே நிமிடத்தில் முடிந்த கார்கள் ஏராளம். வரப்போவதாக ஒரு கோட் கூட முன்னால் வராது, ஏனென்றால் அந்தக் காலத்து ஃப்ளாப்கள் வேக்குவத்தில் இயங்கின, எந்த நிலையில் இருக்கின்றன என்று இசியுவுக்குச் சொல்ல சென்சார் கிடையாது. அதே காரணத்தால் எடுத்துவிட்டாலும் இசியுவுக்குத் தெரியாது. அலுமினியத்தில் ஓ-ரிங்கோடு அடைப்பு மூடிகள் செட்டாகக் கிடைக்கும், நான்கு சிலிண்டருக்கு நான்கு, ஆறுக்கு ஆறு. அந்த எஞ்சினை வைத்திருக்கிறவர் கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், ஃப்ளாப்பை எடுத்து மூடி போடுங்கள், இந்த வாரமே. கொஞ்சம் புகை கூடினாலும், எஞ்சினே போவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. நம் ஃபோக்ஸ்வேகனில் கெடுவது வெளியே இருக்கும் முட்டு, சென்சார் அதை உடனே சொல்லிவிடுகிறது, விழுந்து உள்ளே போக உலோக ஸ்க்ரூ இல்லை. அதனால் இங்கே ஃப்ளாப்பை வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளவும் வேண்டும். பிஎம்டபிள்யூ ஆட்கள் எழுதியதைப் படித்துவிட்டு லாராவில் ஃப்ளாப்பை எடுப்பவர்கள், அந்த எஞ்சினின் பயத்தை இந்த எஞ்சினுக்குக் கொண்டுவருகிறார்கள்.

மெர்சிடிஸ் ஓஎம்642 வி6 பற்றிச் சுருக்கமாக. அங்கே ஃப்ளாப் மோட்டார் டர்போவுக்குக் கீழே, இரண்டு வரிசை சிலிண்டருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது, டர்போ வாயில் உள்ள ரப்பர் சீல் வழியாகச் சொட்டும் எண்ணெய் நேராக அதன்மேல் விழுந்து அதைக் கொல்கிறது. மோட்டாருக்குப் பதில் ஒரு ரெசிஸ்டரை மாட்டி இசியுவை ஏமாற்றும் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது, கோட் போகும், ஆனால் ஃப்ளாப் பாதி மூடிய நிலையில் மாட்டிக்கொண்டிருந்தால் அது யாருக்கும் தெரியாது. ரெசிஸ்டர் போடுவதாக இருந்தாலும் ஃப்ளாப் முழுதாகத் திறந்து நிற்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான். திறந்தே நின்றால் கொஞ்சம் புகை, மூடியே நின்றால் 3000க்கு மேல் எஞ்சின் மூச்சுத் திணறும். மேனிஃபோல்டு மாற்ற அங்கே டர்போவையே கழற்ற வேண்டும் என்பதால், திறந்த கையோடு சீல், மோட்டார், ஃப்ளாப்பைத் திருப்பும் இணைப்பு ராடு எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிடுவதுதான் சரி.

பழைய ஆக்டேவியா 1.9 டிடிஐ வைத்திருக்கிறவர்கள் இந்தக் கவலை எதுவும் படத் தேவையில்லை. அலுமினிய வார்ப்பு, ஃப்ளாப் கிடையாது, கெட ஒன்றுமில்லை. அடைக்க மட்டும் செய்யும். இஜிஆர் புகையில் வரும் கரியும் எஞ்சின் ப்ரீதரிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து தார் மாதிரி ஒட்டி, சில வண்டிகளில் வழி பாதியாகச் சுருங்கியிருக்கும். கழற்றிச் சுத்தம் செய்தால் புதுசுதான். ஒரே ஒரு விஷயம்: காஸ்டிக் சோடாவில் ஊறப்போட விடாதீர்கள். இரும்புப் பாகத்துக்கு அது நல்ல மருந்து, அலுமினியத்தை அது தின்றுவிடும். சொல்லாவிட்டால் பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டுவிடுவார்கள். டீசலில் ஊறவைத்து, சுரண்டி, டிகிரீசர் போட்டுக் கழுவினாலே போதும். இஏ189 பிளாஸ்டிக் மேனிஃபோல்டையும் இப்படிச் சுத்தம் செய்யலாம், ஆனால் கடுமையான கெமிக்கலும் வேண்டாம், டார்ச் வைத்துக் கரியை எரிப்பதும் வேண்டாம், சாஃப்டை வலுக்கட்டாயமாகத் திருப்பவும் கூடாது. மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தண்ணீர் பக்கமே கொண்டுபோக வேண்டும்.

எந்த மேனிஃபோல்டை மாட்டினாலும் சில வேலைகள் கூடவே வரும். கேஸ்கட் கண்டிப்பாகப் புதுசு, பழையதைத் திருப்பிப் போட்டு சிலிகான் தடவுகிற வேலை வேண்டாம், பிதுங்கி உள்ளே போகும் சிலிகான் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஹெட்டில் உள்ள காற்று வழிகளிலும் கரி இருக்கும். வால்வு மூடியிருக்கிற சிலிண்டரில் மட்டும் சுரண்டி, வேக்குவம் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும், திறந்திருக்கிற வழியில் துணி அடைத்திருக்க வேண்டும், அப்புறம் அந்தத் துணியை மறக்காமல் எடுக்க வேண்டும். போல்ட்டுகள் சின்னவை, ஒர்க்‌ஷாப் மேனுவலில் உள்ள முறுக்கு விசை (டார்க்) அளவுக்கு நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று இரண்டு சுற்றில் முறுக்க வேண்டும், கை பலத்தைக் காட்டினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும். இஜிஆர் வால்வையும் இன்டர்கூலர் குழாய்களையும் அதே நேரம் பார்த்துவிடுங்கள், எப்படியும் எல்லாம் கழற்றித்தான் இருக்கும்.

மாட்டி முடித்ததும் ஸ்டார்ட் செய்து கிளம்பிவிடாதீர்கள். முதலில் ஸ்மோக் மெஷின் (குழாய்க்குள் புகை விட்டுக் கசிவைக் காட்டும் கருவி) வைத்து, அது இல்லாத ஒர்க்‌ஷாப் என்றால் குறைந்த அழுத்தத்தில் காற்றடித்து சோப்புத் தண்ணீர் ஊற்றியாவது, கசிவு இல்லை என்று பாருங்கள். பிறகு பேசிக் செட்டிங். பிறகு ஸ்கேனரை மாட்டியபடியே ஒரு ஓட்டம், மூன்றாவது கியரில் 1500இலிருந்து 3500 வரை முழுதாக மிதித்து, இசியு கேட்ட பூஸ்ட்டும் கிடைத்த பூஸ்ட்டும் ஒட்டிப் போகின்றனவா, ஃப்ளாப்பின் கேட்ட நிலையும் வந்த நிலையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்தப் பதிவின் நகலைக் கேட்டு வாங்கி பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், வாரண்டி கேட்கப் போகும் நாளில் அதுதான் பேசும்.